ஆன்சல் ஆடம்ஸ்

அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ நகரில், 1902-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள் பிறந்தவர் ஆன்சல் ஆடம்ஸ். இளமையில் பியானோ பயின்று, இசையையே தொழிலாகக் கொள்ளக் கருதியிருந்தார். 1916-ஆம் ஆண்டு யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றபோது பெற்றோர் அளித்த சிறு காமிரா அவர்தம் வாழ்வின் போக்கை மாற்றிற்று.

கறுப்பு வெள்ளைப் பிலிமில் ஒளியின் சுவடு முதலிற் கண்ணுக்குப் புலனாகாது மறைந்து கிடக்கும். அதனை வெளிக்கொணர்வது டெவலப்பர் என்னும் மருந்துக் கரைசலாம். எக்கரைசலைக் கொள்வது, எத்துணை நேரம் பிலிமை அதில் இடுவது என்பவற்றில் பலரும் பழக்கத்தையும் ஊகத்தையுமே நம்பியிருந்தனர். ஆடம்ஸோ, 1940-ஆம் ஆண்டையொட்டி, பிரெட் ஆர்ச்சர் என்பாருடன் கூடி, 'சோன்' முறை என்பதொன்றை வகுத்தார். நிழற்பகுதியின் தெளிவு படமெடுக்குங்கால் பிலிமிற்படும் ஒளியின் அளவாலும், வெளிச்சப் பகுதியின் அடர்த்தி பெரும்பாலும் டெவலப்பரிற் கிடக்கும் நேரத்தாலும் அமையும் என்பது அதன் சாரம். ஆதலின் வெயிலும் நிழலும் மிக மாறுபடும் காட்சிக்கு நேரத்தைக் குறைத்தலும், மங்கிய காட்சிக்குக் கூட்டுதலும் வேண்டும்.

இவ்வறிவு 1941-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாலை சோதனைக்குள்ளாயிற்று. நியூ மெக்சிக்கோவில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரருகே காரிற் சென்றவர், வானில் திங்களையும், கீழே கல்லறைச் சிலுவைகள் மேலை வெயிலில் மிளிர்வதையும் கண்டார். ஒளிமானியோ தேடியும் கிடைத்திலது. திங்களின் ஒளியளவு நினைவில் இருந்தமையால் அதனைக்கொண்டே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுக்குமுன் சிலுவைகளைவிட்டு வெயில் அகன்றது. எஞ்சியது ஒரே நெகடிவ். டெவலப் செய்கையிற் பிழை நேரின் அக்காட்சி மீளாது.

முன்னிலத்தில் ஒளி குறைவு, திங்களிலோ மிகுதி. எனவே அவர், நீர் கலந்த டி-23 என்னும் டெவலப்பரில் அரை நிமிடமும், அசையா நீரில் இரண்டு நிமிடமுமாகப் பத்து முறை மாற்றி மாற்றி நெகடிவை இட்டார். நீரிற் கிடக்கையில், ஒளி மிக்கவிடத்து ஊறிய மருந்து விரைவில் ஓய்ந்துவிடும். நிழலிடத்து மருந்தோ மேலும் வேலை செய்யும். இவ்வாறு திங்களும் கெடாது, நிலமும் மறையாது நின்றன. எனினும் முன்னிலம் மெலிந்தே இருந்தமையின், 1948-இல் அப்பகுதியை மட்டும் வேறு மருந்தால் உரப்படுத்தினார். அதே ஆண்டில், தாம் கண்ட முறையைப் பிறரும் கற்குமாறு நெகடிவைப் பற்றிய நூலொன்றையும் வெளியிட்டார்.

நெகடிவை இசைக்குறிப்புக்கும், அதனின்று எடுக்கும் அச்சுப் படத்தை அவ்விசையின் வாசிப்புக்கும் ஒப்பாகக் கூறிய இக்கலைஞர், 1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் மறைந்தார். அரிய கணம் எவர்க்கும் வாய்க்கலாம். அதனைப் பற்றிக்கொள்வார், அதற்கு முன்னரே கற்றிருந்தாரும் அதற்குப் பின்னரும் பொறுமை இழவாதாருமே ஆவர்.