ராசுக்குச் சம்பளம் தந்தவர் யார்?

கொடைரோடு நிலையத்தில் இரயில் நின்றதும் குளிர் தேடிச் செல்வோர் இறங்குகின்றனர். மலைக்குச் செல்லும் வண்டியில் ஏறுகின்றனர். அந்த மலைவாசம் எப்படித் துவங்கிற்று என்று எண்ணிப் பார்த்தோமா தோழர்களே? மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார், சமவெளியின் நோய்க்குத் தம்மவர் சிலரைப் பறிகொடுத்த பிறகு, 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். வசதி படைத்தவர் மலையேறினர். ஏர் பிடித்தவரோ இங்கேயே இருந்தனர், காய்ச்சலோடு!

சாதாரணக் காய்ச்சலா அது? 1809 முதல் 1811 வரை திண்டுக்கல், மதுரை, கோவை, நெல்லைச் சீமைகளைச் சூறையாடிய காய்ச்சல் ஒன்று உண்டு. சென்னை அரசாங்கம் குழு அமைத்தது. குழு ஆராய்ந்தது, அறிக்கை தந்தது. அந்த அறிக்கை நூலாக வெளிவந்த இடம் எது? 1816-இல் இலண்டன்! எந்த மொழியில்? ஆங்கிலத்தில்! மடிந்தவன் திண்டுக்கல் உழவன். ஆராய்ச்சிக்கு வரி கட்டியவனும் அவனே. படித்தவர் மட்டும் கடலுக்கு அப்பால் இருந்தவர்.

நோயின் காரணமோ எவருக்கும் விளங்கவில்லை. தெய்வக் குற்றம் என்றான் பூசாரி. கெட்ட காற்று என்றனர் டாக்டர்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். படிக்காதவனும் தவறினான், படித்தவரும் தவறினர்.

அந்த இருளில் விளக்கேற்றியவர் ரொனால்டு ராஸ். 1857-இல் அல்மோராவில் பிறந்தவர். வெள்ளைத் தளபதியின் மகன். கவிதையில் மனம் வைத்தவர், தந்தையின் விருப்பத்துக்காக மருத்துவம் பயின்றார். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். சென்னை, பெங்களூர், பர்மா, அந்தமான் என்று ஊர் ஊராகச் சுற்றினார். 1894-இல் இலண்டன் சென்றபோது பாட்ரிக் மான்சன் என்ற மருத்துவ அறிஞர், கொசுவைத் தேடிப் பார் என்று வழி காட்டினார்.

தேடினார் ராஸ். 1897-இல் விடுமுறை எடுத்து நீலகிரிக்கு வந்தார்; சீகூர் மலைச்சரிவில் அதே காய்ச்சல் அவரையே பற்றிக்கொண்டது! விட்டாரா? செகந்திராபாத் திரும்பினார், வேர்வை வழிய வழியக் கொசுக்களை அறுத்து நுண்ணாடியில் நோக்கினார். அவற்றுக்கு இரத்தம் தந்தவர் உசேன்கான் என்ற நோயாளி. கடித்த கொசு ஒன்றுக்குக் கூலி ஓரணா. 1897 ஆகஸ்டு 20. அந்தக் கொசு ஒன்றின் வயிற்றில் மலேரியாக் கிருமி தென்பட்டது!

அரசாங்கம் என்ன செய்தது? பாராட்டிற்றா? இராசபுதனத்துக்கு மாற்றல் உத்தரவு போட்டது! ஆனாலும் ராஸ் கண்டதைப் பூட்டி வைக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். 1898-இல் கல்கத்தாவில், முகம்மது பக்ஸ் என்ற உதவியாளரோடு உழைத்து, பறவைகளிடையே கொசு எப்படி நோயைக் கடத்துகிறது என்பதை முழுதாக நிறுவினார். அதே ஆண்டில் இத்தாலியின் கிராசியும் தோழர்களும் மனிதரிடத்தில் அதை மெய்ப்பித்தனர். முந்தியவர் யார் என்று ராசும் கிராசியும் மூர்க்கமாகவே மோதிக்கொண்டனர். ஆனால் மோதல் பெயருக்காக. அறிவோ வெளிச்சத்தில் இருந்தது. 1902-இல் ராசுக்கு நோபல் பரிசு. அந்த அறிவைக் கொண்டே சூயசுக் கரையில் இஸ்மாயிலியா நகர் காய்ச்சலை விரட்டிற்று. பனாமாக் கால்வாய் வெட்டியவர்கள் கொசுவை ஒழித்து உயிர் பிழைத்தனர். ராஸ் மட்டும், வெகுமதி கேட்டு அரசிடம் மனுப் போட்டும் பெறாமல், முதுமையில் தம் கையெழுத்துத் தாள்களை விற்கும் நிலைக்கு வந்து, 1932-இல் மறைந்தார்.

இப்போது கணக்குப் பார்ப்போம். ராசுக்குச் சம்பளம் தந்தது எது? இந்தியாவின் வரிப்பணம். இரத்தம் தந்தவர் யார்? ஓரணாக் கூலிக்கு உசேன்கான். பலன் யாருக்கு முதலில் போயிற்று? கால்வாய் முதலாளிக்கு! உண்மை வெளியாகி ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1947-இல், இந்நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடி பேர் மலேரியாவில் வீழ்ந்தனர், 8 லட்சம் பேர் மாண்டனர் என்பது அரசு மதிப்பீடு. மருந்தில்லை, பணமில்லை என்பது உண்மை. தேங்கிய நீரே எமன் என்பதைக் குடிசைக்குப் புரியும் மொழியில் கொண்டு சேர்க்க ஆளில்லை என்பதும் உண்மை.

அது பழைய கதை என்று தள்ளலாமா? இன்றும் நம் வரியில் ஆராய்ச்சி. நம் அரசு மருத்துவமனை நோயாளியின் இரத்தத்தில் ஆராய்ச்சி. முடிவை எழுதும் அறிஞருக்கு ஏடு நடத்துவோர் காசு தருவதில்லை. சரிபார்க்கும் அறிஞருக்கும் பெரும்பாலும் தருவதில்லை. படிக்க வருவோரிடம் மட்டும் கட்டணம்! 2024 நவம்பரில் ஒன்றிய அரசு, ஏறத்தாழ 13,000 ஆராய்ச்சி ஏடுகளுக்காக மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்லதுதான். ஆனால் கதவு திறப்பது அரசு கல்வி, ஆராய்ச்சி நிலையங்களுக்கு மட்டும். பணம் கட்டிய பாட்டாளிக்கு? தெருவிலே மருந்துக்கடை வைத்திருப்பவருக்கு? தாயின் நோய் என்னவென்று அறியத் துடிக்கும் மகனுக்கு? கதவு அடைப்பு!

அமெரிக்க நாட்டில், அரசின் தேசிய சுகாதார நிலையங்கள் பணம் தரும் ஆராய்ச்சி, 2025 ஜூலை முதல், வெளியாகும் அன்றே எவரும் இலவசமாகப் படிக்கத் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? ஏடு நடத்தச் செலவில்லையா என்பார்கள். உண்டு. அந்தச் செலவையும் ஆராய்ச்சிச் செலவோடு சேர்த்து ஒருமுறை கொடுத்துவிடுங்கள். வாசலில் உண்டியல் வைக்காதீர்கள் என்கிறோம்.

நாம் கேட்பது பிச்சையல்ல, ரசீது. மக்கள் பணத்தில் விளைந்த மருத்துவ அறிவு மக்கள் முன் திறந்திருக்கட்டும். அதன் சாரம் தமிழில் வரட்டும். மலையேற வசதியற்றவனுக்கும் காய்ச்சல் வரும் வழி தெரியட்டும். உசேன்கானுக்கு நாம் பட்ட கடன் ஓரணா அல்ல, தோழர்களே!