ஒரு காசு ஸ்டாம்புக்கு 8.3 மில்லியன் டாலர்: உலகையே ஆல்பத்தில் அடைக்கப் பார்த்த ஃபெராரி யார்?

உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு காகிதத் துண்டு. மங்கிப்போன கருஞ்சிவப்பு நிறம். எட்டு மூலையாக வெட்டியிருக்கிறார்கள். விலை ஒரு காசு என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. 2021-இல் நியூயார்க் ஏலத்தில் அது 8.3 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது. நம் பணத்தில் 30 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல்.

அதன் பெயர் பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மெஜந்தா. உலகத்தில் இந்த ஒன்றுதான் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அதை வைத்திருந்தவர்தான் இந்தக் கதையின் நாயகன், ஃபிலிப் வான் ஃபெராரி. அஞ்சல்தலை சேகரித்தவர்களிலேயே பெரிய ஆள் யார் என்று கேட்டால், இன்றும் முதலில் வரும் பெயர் அவருடையதுதான்.

பட்டத்தை வேண்டாம் என்ற பணக்காரப் பிள்ளை

ஃபெராரி பிறந்தது 1850-இல், பாரிஸில். அப்பா கலியேரா டியூக், இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்காரர். வங்கி, ரயில்பாதை எனப் பல தொழில்களில் முதலீடு செய்து ஐரோப்பாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானவர். குடும்பம் வாழ்ந்த மாளிகையின் பெயர் மாத்தின்யோன். இன்று பிரான்ஸ் பிரதமரின் அதிகாரப்பூர்வ இல்லம் அதுதான் என்றால், எவ்வளவு பெரிய வீடு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1876-இல் அப்பா இறந்தபோது, டியூக் பட்டம் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஃபெராரி. ஓர் ஆஸ்திரிய அதிகாரி அவரைத் தத்தெடுத்தார். ஆஸ்திரியக் குடியுரிமையையும் வாங்கிக்கொண்டார். அம்மா அந்த மாளிகையை ஆஸ்திரியப் பேரரசருக்கு, தூதரகமாக இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டார். 1888-இல் அம்மாவும் காலமானார். மகன் அதே கட்டடத்தின் ஒரு பகுதியில் தங்கியபடி, சின்ன வயதில் பிடித்த ஒரு பழக்கத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அதுதான் ஸ்டாம்பு சேர்ப்பது.

சேர்ப்பது என்றால் நம்மைப் போல ஒன்று இரண்டு அல்ல. மற்றவர்களின் முழுச் சேகரிப்பையே விலைக்கு வாங்கிவிடுவார். லண்டன் அஞ்சல்தலைச் சங்கத்தின் முதல் தலைவர் சர் டேனியல் கூப்பரின் சேகரிப்பு 1878-இல் அவர் கைக்கு வந்தது. 1882-இல் நீதிபதி ஃபில்பிரிக்கின் சேகரிப்பையும் வாங்கினார். அதற்கு 8,000 பவுண்டு கொடுத்தார். வந்ததையெல்லாம் ஒழுங்குபடுத்துவதற்கென்றே பாரிஸ் வியாபாரி பியேர் மாஹே என்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கரும்புத் தோட்டத்து ஸ்டாம்புகள்

இந்த இடத்தில் நம் ஆட்களின் வரலாறும் குறுக்கே வருகிறது.

பிரிட்டிஷ் கயானா, தென் அமெரிக்காவில் இருந்த ஒரு கரும்புத் தோட்டக் காலனி. 1838 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக அங்கே கொண்டுபோனார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறிய தமிழர்களும் அவர்களில் உண்டு. 1856-இல் லண்டனிலிருந்து வர வேண்டிய ஸ்டாம்புகள் வந்து சேரவில்லை. அஞ்சல் அதிகாரி உள்ளூர் அச்சகத்திடமே அவசரமாக அச்சடிக்கச் சொன்னார். போலி வந்துவிடக்கூடாது என்பதற்காக, ஒவ்வொன்றிலும் அஞ்சலக ஊழியர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளை எழுதினார்கள்.

அதில் ஒன்று 1873-இல் வெர்னன் வாகன் என்ற 12 வயதுப் பையனின் கையில் கிடைத்தது. வீட்டுப் பழைய கடிதங்களுக்கு நடுவே இருந்ததை, வேறு நல்ல ஸ்டாம்பு வாங்கக் காசு வேண்டும் என்று 6 ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். ஐந்தே ஆண்டுகளில் அது லிவர்பூல் வியாபாரி ஒருவரிடம் 120 பவுண்டுக்குப் போய், அங்கிருந்து சுமார் 150 பவுண்டுக்கு ஃபெராரியிடம் வந்தது.

மொரிஷியஸும் அப்படித்தான். தமிழர்கள் பெருமளவில் குடியேறிய இன்னொரு கரும்புத் தீவு. அங்கே 1847-இல் ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் என இரண்டு வகை அச்சிட்டார்கள். ஒவ்வொன்றிலும் 500 மட்டும். இன்று இரண்டும் சேர்த்து முப்பதுகூட மிச்சமில்லை. அவற்றிலும் சில ஃபெராரியிடம் இருந்தன. 1855-இல் பச்சைக்குப் பதில் தவறுதலாக மஞ்சளில் அச்சான சுவீடனின் ஒரே ஒரு ஸ்டாம்பை 1894-இல் வாங்கினார். இரண்டே வருடம் கழித்து, 1896-இல், நம் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டார். தமிழ்க் குடும்பங்கள் ஜாசின், புக்கிட் அசகான் பக்கம் வந்து சேர்ந்த கதை அதன் பிறகுதான்.

அமெரிக்க ஸ்டாம்புகளில் அப்படி என்ன இருக்கிறது?

அமெரிக்கா நாடு முழுவதற்குமான முதல் ஸ்டாம்புகளை வெளியிட்டது 1847 ஜூலை 1-ஆம் தேதி. 5 சென்டில் பெஞ்சமின் பிராங்க்ளின், 10 சென்டில் ஜார்ஜ் வாஷிங்டன். ஆனால் ஒரே சீரான கட்டணம் 1845-லேயே வந்துவிட்டது. நடுவே இருந்த இரண்டு ஆண்டுகளில் சில ஊர்களின் அஞ்சல் அதிகாரிகள் தாங்களே சொந்தமாக அச்சடித்துக்கொண்டார்கள். குறைவாக அச்சிட்டது, குறைவாகவே தப்பியது. அதனால் அவற்றுக்குப் பெரிய மதிப்பு. ஃபெராரி அவற்றையும் தேடிப் பிடித்தார். ஹவாய் தனி நாடாக இருந்தபோது 1851-இல் வந்த, மிஷனரிகள் அமெரிக்காவுக்குக் கடிதம் போடப் பயன்படுத்திய ஸ்டாம்புகளும் அவரிடம் இருந்தன.

மதிப்பு எப்படி வருகிறது என்று புரிய இன்னொரு உதாரணம். 1860-களின் கடைசியில், ஒருமுறை பயன்படுத்திய ஸ்டாம்பைக் கழுவி மறுபடி ஒட்டி ஏமாற்றுவார்களோ என்று அமெரிக்க அஞ்சல் துறை பயந்தது. முத்திரை மை உள்ளே ஊறட்டும் என்று, காகிதத்தில் சல்லடை மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகளை அழுத்தினார்கள். அந்த அழுத்தத்தில் பல வகை. அதில் இசட் என்ற வகை பதிந்த ஒரு சென்ட் நீல பிராங்க்ளின் இரண்டே இரண்டுதான் இருப்பதாகத் தெரிகிறது. அதில் ஒன்று நியூயார்க் பொது நூலகத்துக்குச் சொந்தம். வெறும் கண்ணுக்கு அதுவும் அதன் மலிவான சகோதரனும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் பின்னால் இருக்கும் புள்ளிகளில்தான்.

ஆக, விலையை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை மிச்சம் இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது, அசல் என்று நிபுணர் சான்று உண்டா, இதற்கு முன் யார் வைத்திருந்தார்கள், இன்றைக்கு வாங்க எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்று எல்லாம் சேர்ந்துதான் விலை. போட்டி குறைந்தால் விலையும் இறங்கும். அந்தக் கயானா ஸ்டாம்பே 2014-இல் கிட்டத்தட்ட 9.5 மில்லியன் டாலருக்குப் போனது. ஏழு ஆண்டு கழித்து ஒரு மில்லியனுக்கும் மேல் குறைந்துதான் விற்றது.

பலவீனமும் இருந்தது

ஃபெராரி ஐரோப்பா முழுக்கச் சுற்றுவார். பிடித்தால் பேரம் பேசாமல் அங்கேயே ரொக்கம் கொடுத்துவிடுவார். இதைத் தெரிந்துகொண்ட சிலர் சும்மா இருப்பார்களா? அவருக்காகவே போலிகளைத் தயாரித்தார்கள். இல்லாத நிறம், இல்லாத பிழை என்று எதையாவது உருவாக்கி அவர் தலையில் கட்டினார்கள். அப்படிப்பட்ட போலிகளுக்கு அவர் பெயரை ஒட்டியே கிண்டலாக ஒரு பெயரும் வந்துவிட்டது. பணம் இருந்தால் போதாது, பார்க்கிற கண்ணும் பொறுமையும் வேண்டும் என்பதற்கு உலகத்தின் பெரிய சேகரிப்பாளரே உதாரணமாகிவிட்டார்.

உயில் என்ன ஆனது?

1914-இல் முதல் உலகப் போர் வெடித்தது. பிரான்சும் ஆஸ்திரியாவும் எதிரெதிர் அணி. பாரிஸில் பிறந்து வளர்ந்த மனிதர் ஒரே நாளில் எதிரி நாட்டுக்காரர் ஆனார். ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஸ்டாம்புகள் மட்டும் பாரிஸிலேயே தங்கிவிட்டன.

மொத்தச் சேகரிப்பும் பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு என்று உயில் எழுதினார். பிரியாமல் ஒரே இடத்தில், எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது ஆசை. பராமரிப்புக்குப் பணமும் ஒதுக்கினார். 1917 மே மாதம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இறந்துபோனார். தன் ஆல்பங்களை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

போர் முடிந்தது. பிரெஞ்சு அரசு அந்தச் சேகரிப்பை எதிரிச் சொத்து என்று பறிமுதல் செய்தது. 1921-இல் தொடங்கி 14 ஏலங்களில் துண்டு துண்டாக விற்றார்கள். வந்த பணம் போர் இழப்பீட்டுக் கணக்கில் போனது. கயானா ஸ்டாம்பை 1922-இல் அமெரிக்கத் தொழிலதிபர் ஆர்தர் ஹைண்ட் 32,000 டாலருக்கு மேல் கொடுத்து எடுத்தார். ஐம்பது ஆண்டுக்கும் மேலாக ஒருவர் சேர்த்தது சில ஆண்டுகளில் உலகம் முழுக்கச் சிதறியது. அதன் பிறகு அப்படியொரு சேகரிப்பை யாராலும் கட்ட முடியவில்லை.

சரி, உங்கள் வீட்டில்?

1854 முதல் 1867 வரை மலாக்காவில் போட்ட கடிதங்களில் இருந்தது இந்திய ஸ்டாம்புதான். நீரிணைக் குடியேற்றங்கள் அப்போது இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்தன. பி 109 என்ற முத்திரை விழுந்திருந்தால் அது மலாக்கா அஞ்சலகம் என்று அர்த்தம். 1867 செப்டம்பரில் அதே இந்திய ஸ்டாம்புகளின் மேல் கிரீடமும் சென்ட் விலையும் அச்சடித்துத் தனியாக வெளியிட்டார்கள். அந்த முத்திரையோடு முழு உறையும் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் விடமாட்டார்கள்.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அது இருக்குமா? அநேகமாக இருக்காது. ஊரிலிருந்து வந்த நீலநிற ஏரோகிராம், ரப்பரும் செம்பனையும் படம் போட்ட 1986 மலாக்கா மாநில ஸ்டாம்பு, இப்படித்தான் இருக்கும். லட்சக்கணக்கில் அச்சானவை. விற்றால் ஒரு தே தாரிக்குக்கூடத் தேறாது.

ஆனாலும் எஸ்டேட் வீட்டைக் காலி செய்து டாமானுக்குக் குடிபோகும்போது அந்தப் பெட்டியை அவசரமாகக் குப்பையில் போடாதீர்கள். ஸ்டாம்பை உறையிலிருந்து கிழிக்காதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். உறையில் இருக்கும் தோட்டத்தின் பெயர், தேதி முத்திரை, தாத்தாவின் முகவரி எல்லாம் சேர்ந்ததுதான் அதன் மதிப்பு. தோட்டமே இல்லாமல் போனபின், அப்படி ஓர் இடம் இருந்தது, அங்கே உங்கள் ஆட்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்த உறை ஒரு சாட்சி.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் எது யாருக்கு யார் எழுதியது என்று குறித்துவையுங்கள். உங்களுக்குப் பிறகு யாரிடம் போக வேண்டும் என்பதையும் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். ஃபெராரியின் உயிலில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. சேகரிப்பு மட்டும் கைக்கு எட்டாத ஊரில் மாட்டிக்கொண்டது.