லியரின் குட்டைவால் பூனை

எட்வர்ட் லியர் என்றதும் என் நினைவுக்கு முதலில் வருவது அவருக்குப் புகழ் தந்த கிளிகள் அல்ல, ஒரு குட்டைவால் பூனை. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் உயிருள்ள கிளிகளைப் பார்த்து அவர் வரைந்த 42 படங்கள் 1832-இல் நூலாயின. அப்போது அவருக்கு வயது இருபது. பின்னர் டெர்பி பிரபுவின் நோஸ்லி மாளிகையில், அவர் வளர்த்த பறவைகளையும் விலங்குகளையும் இறகும் ரோமமும் பிசகாமல் தீட்டினார். அவ்வீட்டுக் குழந்தைகளுக்கோ வேடிக்கைப் படங்களாகக் கிறுக்கித் தள்ளினார். அந்தக் கிறுக்கல்களிலிருந்தே 1846-இல் அவருடைய அபத்தப் பாடல் நூல் பிறந்தது. (அதே ஆண்டில் விக்டோரியா அரசிக்கும் ஓவியம் கற்பித்தார்.)

சிறுவயது முதலே அவருக்கு வலிப்பு நோய் இருந்தது. அதை வெளியே சொல்லக் கூசி, நோய் கண்ட நாள்களை நாட்குறிப்பில் குறியிட்டு மட்டும் வைத்தார். மணம் செய்துகொள்ளவில்லை. இத்தாலியின் சான் ரெமோவில் முதுமைக்குத் துணையாயிருந்தது ஃபாஸ் என்னும் அந்தப் பூனைதான். அரச கேடயங்களில் சிங்கம் நிற்கும் தோரணைகளிலெல்லாம் அதை வரைந்து பார்த்தார். பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தனிமையில் சிரிக்க அவருக்கு வேறென்ன இருந்தது? 1887-இல் ஃபாஸ் இறந்தது. தோட்டத்தில் அடக்கம் செய்தார். அடுத்த ஜனவரியில் அவரும் மறைந்தார்.