ஹைன்ரிக் மைபோம்

ஹைன்ரிக் மைபோம் (29 ஜூன் 1638 – 26 மார்ச் 1700) ஒரு ஜெர்மானிய மருத்துவரும் வரலாற்று அறிஞரும் ஆவார். கண்ணிமைகளினுள் அமைந்துள்ள நெய்ச் சுரப்பிகளை 1666 ஆம் ஆண்டில் விரிவாக விவரித்தவர் இவரே. அச்சுரப்பிகள் இவர் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என அழைக்கப்படுகின்றன. இமையில் திரும்பத் திரும்பத் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை இச்சுரப்பிகள் அடைபடுவதால் உண்டாகின்றன. இவருடைய பாட்டனாரின் பெயரும் ஹைன்ரிக் மைபோம் (1555–1625) என்பதே. அவர் வரலாற்றாசிரியர், இருவரையும் ஒருவராகக் கொள்ளலாகாது.

வாழ்க்கை

மைபோம் வடஜெர்மனியின் துறைமுக நகரான லூபெக்கில் பிறந்தார். தந்தை யோஹான் ஹைன்ரிக் மைபோம் (1590–1655) அந்நகரில் மருத்துவராக இருந்தவர். அதற்கு முன் ஹெல்ம்ஸ்டெட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர். பாட்டனாரும் அதே பல்கலைக்கழகத்தில் வரலாறும் கவிதையும் கற்பித்தவர். மகனும் ஹெல்ம்ஸ்டெட்டிலேயே கல்வியைத் தொடங்கினார். பின்னர் நெதர்லாந்தின் குரோனிங்கன், லைடன் ஆகிய நகரங்களில் பயின்றார். இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்கும் பயணம் செய்தார். 1663 இல் பிரான்சின் ஆஞ்செர் நகரில் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியபின் ஹெல்ம்ஸ்டெட்டில் மருத்துவப் பேராசிரியராகப் பணியைத் தொடங்கினார்.

1678 முதல் மருத்துவத்துடன் வரலாறு, கவிதை ஆகியவற்றையும் கற்பித்தார். இது இன்று விந்தையாகத் தோன்றலாம். அக்காலப் பல்கலைக்கழகங்களில் இயல்பானதே. பாட்டனார் தொகுத்த ஆவணங்களையும் சேர்த்து, ஜெர்மானிய வரலாற்று மூலங்களை மூன்று தொகுதிகளாக 1688 இல் பதிப்பித்தார். 1700 இல் ஹெல்ம்ஸ்டெட்டில் காலமானார். 1576 இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம் 1810 இல் மூடப்பட்டது.

1666 ஆம் ஆண்டு மடல்

அக்காலத்தில் அறிஞர்கள் தம் கண்டுபிடிப்புகளை மற்றோர் அறிஞருக்கு எழுதிய மடலாக அச்சிட்டு வெளியிடுவது வழக்கம். மைபோமும் இமைகளின் புதிய நாளங்கள் பற்றி யோவெல் லாங்கெலோட் என்னும் மருத்துவருக்கு இலத்தீன் மொழியில் ஒரு மடல் எழுதினார். அப்போது அவருக்கு 28 வயது. சுரப்பிகளை முதன்முதலில் கண்டவர் அவரல்லர். இத்தாலியரான காசேரியசு உள்ளிட்ட முந்தைய உடற்கூற்றியலாளர்கள் அவற்றைக் கண்டிருந்தனர். எனினும் அவற்றைத் தனிப்பொருளாக எடுத்துத் தெளிவாக விளக்கியமையால் பெயர் மைபோமுக்கே நிலைத்தது.

இமையை வெளிப்புறமாகத் திருப்பிப் பார்த்தால், உட்பரப்பில் அருகருகே மஞ்சள் நிறக் கோடுகளாக இச்சுரப்பிகள் தெரியும். மேலிமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையும், கீழிமையில் 20 முதல் 30 வரையும் உள்ளன. ஒவ்வொன்றும் இமை விளிம்பில், இமைமயிர்களுக்குச் சற்று உட்புறமாக ஒரு நுண்துளை வழியே திறக்கிறது. இவை சுரக்கும் நெய் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, கண்ணீர் விரைவில் ஆவியாகாமல் காக்கிறது.

இமைக்கட்டியும் அதன் மீள்வரவும்

நெய் கெட்டியாகி நுண்துளை அடைபட்டால், அது சுரப்பியைச் சுற்றிய திசுவினுள் கசிகிறது. உடல் அதனை அயற்பொருளாகக் கருதி எதிர்வினை புரிவதால், வலியற்ற, உறுதியான உருண்டை ஒன்று உருவாகிறது. இதுவே கலேசியன் எனப்படும் இமைக்கட்டி ஆகும். சிறு ஆலங்கட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. திடீரெனச் சிவந்து வீங்கி வலிக்கும் கண்கட்டி இதிலிருந்து வேறானது. அது பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கசு நுண்ணுயிரின் தொற்றால் வருவது. வழக்கில் இரண்டும் ஒரே பெயரால் சுட்டப்படுவதால் மருத்துவத்திலும் குழப்பம் நேர்கிறது. வலியற்ற இமைக்கட்டி தொற்று அன்று. அதற்குத் தொடர்ந்து நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு மருந்து இடுவதால் பயன் சிறிதே.

பெரும்பாலான இமைக்கட்டிகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ தாமே கரைகின்றன. மூடிய இமை மீது ஏறத்தாழ 40 பாகை செல்சியசு வெப்பமுள்ள ஒத்தடத்தை 5 முதல் 10 நிமிடம் வரை, நாளொன்றுக்குச் சில முறை வைத்தால் கெட்டியான நெய் இளகும். பின்னர் மேலிமையை மேலிருந்து கீழாகவும், கீழிமையைக் கீழிருந்து மேலாகவும், விளிம்பை நோக்கி மென்மையாக நீவ வேண்டும். கட்டியைப் பிதுக்குதல் கூடாது. கரையாத கட்டியைக் கண் மருத்துவர் மரப்பு மருந்து செலுத்தி, இமையின் உட்புறம் கீறிச் சுரண்டி எடுப்பார். வெளியே தழும்பு தெரியாது. ஸ்டீராய்டு ஊசியும் பயன்படுகிறது. ஆயினும் கருநிறத் தோலில் ஊசியிட்ட இடம் வெளுத்துப் போக வாய்ப்புண்டு.

ஒரு கட்டியை அகற்றுவதால் அடுத்தது வராமல் நின்றுவிடுவதில்லை. ஒரே இமையில் பல சுரப்பிகள் இருப்பதும், அனைத்திலும் நெய் கெட்டியாகும் இயல்பு பரவியிருப்பதுமே காரணம். இமை விளிம்பு அழற்சி, முகத்தில் சிவப்பு படரும் ரோசேசியா என்னும் தோல் நோய், இமைமயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்சு உண்ணிகள் ஆகியவை இதற்குத் துணைபுரிகின்றன. ஆகவே, கட்டி இல்லாத நாட்களிலும் ஒத்தடமும் விளிம்பைத் தூய்மை செய்தலும் தொடர வேண்டும். இவற்றுக்கும் அடங்காத நிலையில் மருத்துவர் டாக்சிசைக்ளின் மாத்திரை தருவதுண்டு. கருவுற்றோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது பொதுவாகத் தரப்படுவதில்லை. இச்சுரப்பிகளின் செயற்குறைபாடு குறித்த பன்னாட்டு வல்லுநர் குழுவின் அறிக்கை 2011 இல்தான் வெளிவந்தது. மைபோமின் மடலுக்கு 345 ஆண்டுகள் கழித்து.

தென் தமிழ்நாட்டு வழக்கம்

இமையில் கட்டி வந்தால் உடற்சூடு என்று கருதி நாமக்கட்டியை இழைத்துப் பூசும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலானது. விருதுநகர் மாவட்டத்தின் திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் போன்ற வெப்பம் மிகுந்த ஊர்களில் இக்கருத்து இயல்பாகவே எழக்கூடியது. மைபோமியன் சுரப்பியின் செயல்முறையோ இதற்கு நேர்மாறானது: நெய் உறைவதே சிக்கல், வெப்பமே மருந்து. குளிர்ச்சி தரும் பூச்சு நெய்யை இளக்காது; உலர்ந்து உதிரும் துகள் கண்ணில் விழுந்து உறுத்தவும் கூடும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக் கண்ணில் ஒற்றும் மற்றொரு பழைய வழக்கம், சிறிதளவேனும், சரியான திசையில் உள்ளது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். ஒத்தடத்திற்கு வேண்டுவதும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தூய மெல்லிய துணியே. நீரின் சூட்டை முதலில் மணிக்கட்டில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

புற்றுநோய் வாய்ப்பு

மைபோமியன் சுரப்பியில் தோன்றும் நெய்ச்சுரப்பிப் புற்றுநோய் தொடக்கத்தில் சாதாரண இமைக்கட்டி போலவே காணப்படும். இமைப் புற்றுநோய்களுள் இதன் பங்கு மேலை நாடுகளில் குறைவு. இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் கூடுதல். முதியவர் ஒருவருக்கு அகற்றிய அதே இடத்தில் கட்டி மீண்டும் வந்தாலோ, அவ்விடத்து இமைமயிர்கள் உதிர்ந்தாலோ, ஒரு கண் மட்டும் மருந்துக்கு அடங்காமல் நெடுநாள் சிவந்திருந்தாலோ, அகற்றிய திசுவை நோயியல் ஆய்வுக்கு அனுப்புதல் இன்றியமையாதது. காலந்தாழ்ந்தால் இது நிணநீர்க் கணுக்களுக்குப் பரவி உயிருக்கே ஊறு விளைவிக்கும். திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதியினருக்கு இத்தகைய ஆய்வு வசதியுள்ள பெரிய கண் மருத்துவமனைகள் மதுரையிலும் திருநெல்வேலியிலும் உள்ளன. கோ. வெங்கடசாமி 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. அதன் திருநெல்வேலிக் கிளை 1988 இல் நிறுவப்பட்டது.