40,000 ஓவியங்கள் வரைந்த மெஷின்! ஓவிய உலகையே கடுப்பேற்றிய ழான் டிங்லி யார்?

ஏ.ஐ. போட்டுத் தரும் படத்தை ஓவியம்னு சொல்லலாமா? அது யாருக்குச் சொந்தம்? இன்று எல்லோரும் கேட்கும் இந்தக் கேள்வியை, கம்ப்யூட்டரே இல்லாமல் 1959-லேயே பாரிஸில் எழுப்பியவர் சுவிட்சர்லாந்து சிற்பி ழான் டிங்லி.

யார் இவர்?

1925 மே 22-ல் ஃப்ரிபூர்க் நகரில் பிறந்தவர், வளர்ந்தது பாசெலில். சின்ன வயதிலேயே காட்டு ஓடையில் நீர்ச்சக்கரங்கள் செய்து வைப்பார். தண்ணீர் ஓட ஓட சக்கரம் சுற்றும், அதோடு இணைத்த சுத்தியல் டப்பாக்களைத் தட்டி சத்தம் போடும். பிறகு கடைகளின் கண்ணாடி ஷோகேஸை அலங்கரிக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். 1950-களின் தொடக்கத்தில் மனைவி ஏவா ஏப்லியுடன் பாரிஸுக்குக் குடிபோனார்.

ஏன் மெஷின் செய்தார்?

அப்போது பாரிஸில் அரூப ஓவியத்துக்குத்தான் மவுசு. ஓவியர் உணர்ச்சிவசப்பட்டு வீசும் ஒவ்வொரு கோடும் அவருடைய ஆன்மாவின் வெளிப்பாடு என்று கொண்டாடினார்கள். அந்தக் கோட்டை பழைய இரும்பும் ஒரு மோட்டாரும் போட்டுவிட்டால்? அதைத்தான் டிங்லி செய்து காட்டினார். அந்த மெஷின்களுக்கு 'மெட்டா-மாட்டிக்' என்று பெயர் வைத்தார்.

எப்படி வரையும்?

1959 ஜூலையில் இரிஸ் க்ளெர் கேலரியில் இவை காட்சிக்கு வந்தன. பார்வையாளர் பேப்பரை மாட்டி, பிடித்த கலரில் பேனாவைச் செருகி, டோக்கனைப் போட்டால் போதும். மெஷினின் கை தடதடவென ஆடி கிறுக்கத் தொடங்கும்.

சாதாரண மெஷின்னா ஒரே வேலையைத் துல்லியமாகத் திரும்பத் திரும்பச் செய்யணும். டிங்லி இதைத் தலைகீழாக்கினார். பெல்ட்டை வேண்டுமென்றே தளர்வாக விட்டார், சக்கரங்களைச் சீராக அமைக்கவில்லை. அதனால் கை எப்போது வழுக்கும், எங்கே குதிக்கும் என்று செய்தவருக்கே தெரியாது. ஒரு படம் போல இன்னொன்று வராது.

40,000 படங்கள்

அதே ஆண்டு நடந்த பாரிஸ் பியன்னாலே கலைவிழாவுக்கு 'மெட்டா-மாட்டிக் 17' வந்தது. பெட்ரோல் இன்ஜினில் ஓடிய இது, சுமார் 40,000 படங்களை வரைந்து தள்ளியது. இன்ஜின் புகையைப் பிடிக்க ஒரு பெரிய பலூன், நாற்றம் தெரியாமல் இருக்க பூ வாசனை வேறு! கூட்டம் ரசித்தது. ஆனா ஓவியர்கள் பலருக்குச் செம கடுப்பு. தங்கள் உழைப்பையே கேலி செய்வதாக நினைத்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயமும் இல்லாமல் இல்லை. ஓவியனின் கை தேவையில்லை என்றால் ஓவியன் எதற்கு?

தானே அழிந்த மெஷின்

1960 மார்ச் 17. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத் தோட்டத்தில், சைக்கிள் சக்கரம், குளியல் தொட்டி, பியானோ எல்லாம் சேர்த்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஒரு பிரமாண்ட மெஷினை இயக்கினார் டிங்லி. அதிலும் ஓவியம் வரையும் பகுதி உண்டு. ஆனா பெல்ட்டைத் தலைகீழாக மாட்டிவிட்டதால் பேப்பர் வெளியே வராமல் உள்ளேயே சுருண்டுகொண்டது. பியானோ தீப்பிடித்தது, தீயணைப்பு வீரர் வரவேண்டியதாயிற்று. 27 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மிஞ்சிய துண்டுகளை நினைவுப் பொருளாக அள்ளிச் சென்றார்கள் பார்வையாளர்கள்.

படம் யாருடையது?

மெஷினைச் செய்தவருக்கா, கலரைத் தேர்ந்தெடுத்தவருக்கா, வழுக்கிய பெல்ட்டுக்கா? டிங்லி இதற்கு ஒரே பதிலாகத் தீர்ப்பு சொல்லவில்லை. ஒன்று மட்டும் தெளிவு: அந்த மெஷினுக்கு எதுவும் தெரியாது. எங்கே தற்செயலுக்கு இடம் விடலாம் என்று முடிவு செய்தது ஒரு மனுஷன்தான்.

1983-ல் இரண்டாவது மனைவி நிக்கி டி செயின்ட் ஃபாலுடன் சேர்ந்து பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கி நீரூற்றை அமைத்தார். 1991 ஆகஸ்ட் 30-ல், 66 வயதில் பெர்னில் காலமானார். ஃப்ரிபூர்க்கில் நடந்த இறுதி ஊர்வலத்தில், அவர் டிராக்டரில் கட்டிய 'க்ளாமௌக்' மெஷினும் சத்தமும் புகையுமாகச் சென்றது. பாசெலில் 1996-ல் அவர் பெயரில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அவருடைய மெஷின்கள் பலவற்றை இன்றும் பட்டனை அழுத்தி ஓடவிட்டுப் பார்க்கலாம்.