டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

விழுப்புரத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டிவனம், முன்னர்த் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1993ஆம் ஆண்டு முதல் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊராகும். நெல்லும் மணிலாக் கொட்டையும் விளையும் இந்நாட்டுப்புறத்து ஊரை உலகத்தார் பலர் அறிவர். அதற்குக் காரணம் கோட்டையுமன்று, கோயிலுமன்று. ஓர் இரவில் மூன்று மனிதர் அடுத்தடுத்து ஒரு பங்களாவின் தாழ்வாரத்தில் ஏறி வந்ததேயாம். அவ்விரவைப் பற்றி ஞாயிற்றுப் பள்ளிகளிற் பலமுறை கேட்டிருப்போர், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை அத்துணை ஊன்றி நோக்குவதில்லை. அவற்றையே யாம் இங்கு முக்கியமாகக் கூறப் புகுகின்றோம்.

ஐடா சோபியா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தார். இவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர், நியூயார்க்கிற் சிறந்த வைத்தியராயிருந்து அத்தொழிலைத் துறந்து, 1819இல் கப்பலேறி, யாழ்ப்பாண நாட்டுப் பண்டத்தரிப்பிலும் பின்னர்ச் சென்னையிலும் ஊழியஞ் செய்தவர். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற வைத்திய மிஷனெரிமாருள் முதல்வர் என்று எண்ணப்படுபவர். அவருடைய குமாரர் பலரும் இந்தியாவில் உழைத்தனர். ஆர்க்காட்டு மிஷனை 1853இல் நிறுவியவர்கள் அவருள் மூவரே. இளைய ஜான் என்பவர் போதகரும் வைத்தியருமாக விளங்கினார். அவரே ஐடாவின் தந்தையார். இவ்வாறு ஒரு குடும்பம் முழுதும் ஒரே பாதையில் நடந்தால், அக்குடும்பத்திற் பிறக்கும் பிள்ளையும் அப்பாதையிலேயே நடக்கவேண்டுமென்று யாவரும் எதிர்பார்ப்பது இயல்பு. ஐடா அதற்கு உடன்படவில்லை.

உடன்படாமைக்குக் காரணமும் இருந்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் வழங்கிய 1876-78 ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில், இச்சிறுமி தன் பெற்றோர் நடத்திய இடத்தில், எழுந்து நிற்கவும் ஆற்றலற்ற குழந்தைகளின் வாயில் அப்பத்தைப் பிட்டு ஊட்டினாள். ஆறு வயதுப் பிள்ளை காணத் தகாத காட்சி அது. பின்னர்க் குடும்பம் அமெரிக்கா சென்றது. அங்கே சில ஆண்டுகளுக்குப்பின் தந்தையார் முதலிலும், தாயார் பின்னரும், இந்திய ஊழியத்திற்காக மகளை உறவினர் பொறுப்பில் விட்டுத் திரும்பினர். தாயைப் பிரிந்த அன்றிரவு அந்தப் பெண் தாயின் தலையணையிற் முகம் புதைத்து அழுததாக அவருடைய வாழ்க்கையை எழுதினோர் கூறுவர். ஆகவே இந்தியா என்றாற் பசியும், மிஷன் ஊழியம் என்றாற் பிரிவுமே அவருள்ளத்திற் பதிந்திருந்தன. மூடி என்னும் பிரசித்தி பெற்ற பிரசங்கியார் நிறுவிய நார்த்பீல்டு பெண்கள் பாடசாலையிற் பயின்றபோது, குறும்புக்கும் விளையாட்டுக்கும் பெயர்பெற்றிருந்த இம்மாது, தாம் ஒருபோதும் மிஷனெரி ஆவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தார்.

இவ்விடத்திற் சற்று நிற்போம். போதக ஊழியத்திற் பல்லாண்டு கழித்த எமக்கு, இந்த மறுப்பு அவருடைய பிற்காலப் புகழினும் சிறியதாகத் தோன்றவில்லை. பெரியோர் மனம் நோகாதிருக்கும் பொருட்டுத் தலையசைத்து, உள்ளத்தில் இல்லாததை நாவினால் ஒப்புக்கொள்ளும் வாலிபர் எத்தனை பேரை யாம் கண்டிருக்கின்றோம்! கூட்டங்களில் எழுந்து நின்று அர்ப்பணஞ் செய்வோருட் சிலர், தம் தோழர் எழுந்ததனாலேயே எழுந்தவர் என்பதும் யாமறிந்ததே. ஐடாவோ, மூன்று தலைமுறையின் புகழ் தம்மேற் பாரமாய் இருந்தும், இல்லாத அழைப்பை இருப்பதாகப் பாவிக்கவில்லை. பொய்யாகச் சொல்லும் ஆம் என்பதிலிருந்து ஒன்றும் முளைப்பதில்லை. மெய்யான இல்லை என்பதோ, மெய்யான காரணம் எதிர்ப்படும்போது மாறக்கூடும். அது திண்டிவனத்தில் மாறிற்று.

தாயார் நோயுற்றிருக்கின்றார் என்னும் செய்தி கேட்டு, 1890இல் ஐடா திண்டிவனத்திற்கு வந்தார். தாயாருக்குத் துணைசெய்து, பெண்பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துச் சில காலத்தில் திரும்பிச் செல்வதே அவர் எண்ணம். அந்நாட்களில் ஓரிரவு அவர் தம் அறையில் விளக்கின் அருகே அமர்ந்திருந்தபோது, தாழ்வாரத்திற் காலடியோசை கேட்டது. வந்தவர் ஒரு பிராமணர். அவருடைய மிக இளைய மனைவி பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். மருத்துவச்சியாற் கூடியது ஒன்றுமில்லை. ஐடா வரவேண்டும் என்றார். தமக்கு வைத்தியம் தெரியாது, தந்தையாரே வைத்தியர், அவரை அழைத்து வருகின்றேன் என்று இவர் கூற, அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பது வழக்கத்திற்கு விரோதம் என்று கூறி அவர் சென்றுவிட்டார். சற்று நேரத்தில் வேறொரு காலடியோசை. இம்முறை வந்தவர் ஒரு முகம்மதியர். அதே துன்பம், அதே வேண்டுகோள். தந்தையாரே முன்வந்து தாம் வருவதாகச் சொல்லியும் அவரும் அதை ஏற்கவில்லை. மூன்றாவதாக மற்றொரு மேற்குல இந்து வந்தார். அவரும் அவ்வாறே சென்றார்.

அன்றிரவு ஐடாவுக்கு உறக்கமில்லை. விடிந்ததும் ஊருக்குட் சாவுப் பறையோசை எழுந்தது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துபோயினர் என்னும் செய்தி வந்தது. தம் அறைக்குட் சென்று நெடுநேரம் தனித்திருந்தார்; பின்னர்ப் பெற்றோரிடம் வந்து, அமெரிக்கா சென்று வைத்தியம் பயின்று இந்தியப் பெண்களுக்கு உதவுவதற்குத் திரும்பி வரப்போவதாக அறிவித்தார்.

இச்சரிதையைச் சொல்வோர் சிலர், அம்மூன்று கணவரையும் கன்னெஞ்சர் போலச் சித்திரிப்பதுண்டு. யாம் அவ்வாறு எண்ணவில்லை. நள்ளிரவில் அந்நிய மதத்தார் வீட்டு வாயிலிற் போய் நின்று உதவி கேட்டவர், மனைவிமேல் அன்பில்லாதவராயிரார். அவர்களைக் கட்டியிருந்த வழக்கம் அவர்கள் உண்டாக்கியதன்று. பெண் வைத்தியர் ஒருவர் இருந்திருந்தால் மூவரும் மகிழ்ந்து அழைத்துச் சென்றிருப்பர். இருந்தவரோ மிகச் சிலர். கிளாரா ஸ்வெயின் என்னும் அமெரிக்கப் பெண் வைத்தியர் வடநாட்டுப் பரேலியில் 1870இல் வேலை தொடங்கினார். சென்னை வைத்தியக் கல்லூரி 1875இல் மேரி ஷார்லிப் முதலிய நால்வரைச் சேர்த்துப் பெண்களுக்கு வாயில் திறந்தது. டப்ரின் சீமாட்டியின் நிதி 1885இல் ஏற்பட்டது. ஆயினும் இவையெல்லாம் பெருநகரங்களையன்றித் திண்டிவனம் போன்ற ஊர்களை எட்டவில்லை. வழக்கத்தைப் பழித்துக்கொண்டிருப்பது எளிது. அது மாறுவதற்குள் இறந்துபோகும் பெண்களுக்கு யார் உதவுவது என்பதே ஐடாவின் உள்ளத்தில் எழுந்த வினா.

அமெரிக்கா திரும்பியவர் பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். கார்னெல் சர்வகலாசாலை தன் வைத்தியக் கல்லூரியிற் பெண்களை அனுமதித்தபோது நியூயார்க்கிற்கு மாறி, 1899இற் பட்டம் பெற்றார். புறப்படுமுன் வேலூரில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரிக்காக 8,000 டாலர் திரட்டும்படி கேட்கப்பட்டார். ஒரு மிஷன் சங்கத் தலைவியான டேபர் அம்மையாரிடம் இவர் இந்தியப் பெண்களின் நிலையை விவரித்துக்கொண்டிருந்ததை, பக்கத்து அறையிலிருந்த ஷெல் என்னும் முதிய செல்வர் கேட்டு, இறந்துபோன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலரைத் தாமே அளித்தார். கேட்டதினும் மிகுதியாகக் கிடைத்தது.

1900ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், தோழியான ஆனி ஹான்காக் அம்மையாருடன் ஐடா இந்தியா வந்துசேர்ந்தார். தந்தையாரின் அருகிலிருந்து தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தவருக்கு அதுவும் கிட்டவில்லை. அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். அனுபவமற்ற இளம் வைத்தியரை வேலூர் மக்கள் உடனே நம்பிவிடவுமில்லை. பங்களாவின் ஓர் அறையே மருந்துச்சாலையாயிற்று. வீட்டு வேலையாள் ஒருவரின் மனைவியான சலோமி என்பவளே அவருக்கு முதல் துணையாள். அம்மையார் தனித்துச் செய்த முதற் பெரிய இரண சிகிச்சையின்போது அருகில் நின்றவளும் அவளே. இரண்டாண்டுகளில் 5,000 நோயாளிகளை அவர் கவனித்தார் என்பர். 1902இல் மேரி டேபர் ஷெல் ஞாபக ஆஸ்பத்திரி 40 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது.

இம்மட்டில் நின்றிருந்தாலும் அவர் வாழ்வு பயனுள்ளதாகவே இருந்திருக்கும். திண்டிவனத்தில் செய்துகொண்ட பிரதிக்கினை நிறைவேறிவிட்டதன்றோ? ஆனால் மனச்சான்றோடு வாழ்வோர்க்கு ஒரு தொல்லை உண்டு: ஒரு கடமையைச் செய்து முடித்த இடத்திலிருந்து அடுத்த கடமை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஆஸ்பத்திரிக்கு வரும் ஒருத்திக்குப் பின்னால் வரமுடியாத பலர் ஊர்களிற் கிடந்தனர். ஆகவே அம்மையார் வேலூருக்கும் குடியாத்தத்திற்கும் இடைப்பட்ட சாலையில், வாரந்தோறும் மரத்தடிகளில் தங்கி வைத்தியஞ் செய்யலானார். முதலில் மாட்டுவண்டி, 1909இல் பெஜோ என்னும் சிறு மோட்டார் வண்டி. அதன் இரைச்சலைக் கேட்டு, பேய் வருகிறதென்று கிராமத்தார் வயல்களுக்குள் ஓடினர் என்பர். ஓடினவர்களே பின்னர் அவ்வண்டிக்காகச் சாலையோரத்திற் காத்திருந்தனர். அதே ஆண்டில் தாதிகளுக்கான பயிற்சிப் பாடசாலையும் ஆரம்பமாயிற்று.

தாம் ஒருவர் இருபது உடல் எடுத்தாலும் போதாது, இந்நாட்டுப் பெண்களே வைத்தியராக வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. சென்னை அரசாங்க வைத்திய இலாகாத் தலைவர் பிரைசன், பெண்கள் மூவரேனும் விண்ணப்பிப்பது அரிது என்று ஐயுற்றாராம். முதல் ஆண்டில் வந்த விண்ணப்பங்கள் 151. பல மிஷன்கள் கூடி நடத்திய பெண்கள் வைத்தியப் பாடசாலை 1918ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் திறக்கப்பட்டது. தக்க கட்டடமில்லை, ஆசிரியர் மிகச் சிலர். எனினும் அரசாங்கப் பரீட்சைக்குச் சென்ற 14 மாணவிகளும் தேறினர். ஆடவர் பாடசாலைகள் அவ்விகிதத்தை நெருங்கவுமில்லை. அம்முதல் வகுப்பு 1922இல் எல்.எம்.பி. சான்று பெற்று வெளிவந்தது.

அவர் வாழ்வில் எமக்கு மிகவும் உயர்ந்ததாகத் தோன்றும் பகுதி, திண்டிவனத்து இரவுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து நிகழ்ந்தது. 1938ஆம் ஆண்டளவில் சென்னை அரசாங்கம் எல்.எம்.பி. படிப்பை நிறுத்தி, வைத்தியக் கல்வி யாவும் சர்வகலாசாலையின் எம்.பி.பி.எஸ். தரத்திற்கு உயரவேண்டுமென்று தீர்மானித்தது. அதற்கேற்ற ஆசிரியரும் கருவிகளும் படுக்கைகளும் வேலூரில் இல்லை, பெரும்பொருள் வேண்டியிருந்தது. அம்மையாருக்கோ வயது எழுபதை நெருங்கியது. ஆடவரையும் மாணவராகச் சேர்த்தாலன்றி எல்லா மிஷன்களின் உதவியும் கிடையாது என்று பலர் கருதினர். பெண்களுக்கென்றே, பெண்களாலேயே கட்டப்பட்டது இந்நிலையம். அமெரிக்கப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்தளித்த பணம் இது. அங்கே நெடுநாள் அவருக்குத் தூணாய் நின்ற லூசி பீபாடி அம்மையார் இம்மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஒரு பக்கம் நாற்பதாண்டு இலட்சியமும் உற்ற நட்பும். மறுபக்கம் நிலையத்தின் உயிர்.

ஐடா அம்மையார் இணக்கமான சுபாவத்தினர் அல்லர். தாம் எண்ணியதைச் சாதிக்கும் பிடிவாதம் அவர்க்குண்டு, அப்பிடிவாதமின்றி வேலூரில் ஒரு செங்கல்லும் எழுந்திராது. அத்தகையவர், மிகுந்த மனவேதனைக்குப்பின், தம் பழைய எண்ணத்தை விட்டு இருபாலார்க்கும் கல்லூரியைத் திறப்பதற்கு இசைந்தார். இசைந்ததோடு நில்லாமல், எழுபது வயதுக்குமேல், யுத்த காலத்தில், அமெரிக்காவில் ஊரூராகச் சென்று அதற்குப் பணமும் திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குச் சர்வகலாசாலையின் தற்காலிக இணைப்புக் கிடைத்தது. 1947இல் ஆடவர் முதன்முறை அவ்வகுப்பிற் சேர்ந்தனர். 1950இல் இணைப்பு நிலைபெற்றது. இளமையில் தம் விருப்பை விடுவதினும் முதுமையில் தம் கொள்கையை விடுவது கடினம் என்று யாம் கருதுகின்றோம். விருப்பத்திற்கு ஆசை மட்டுமே காவல். கொள்கைக்கு, நாம் செய்த நன்மைகளெல்லாம் காவல் நிற்கும். தாம் அமைத்ததைப் பிறர் கையில் ஒப்புவிக்கும் வேலையும் அவர்க்கு எளிதாயிருந்திராது. ஆயினும் 1946இல் ஓய்வு பெற்றார். பின்னர்க் கல்லூரித் தலைமை, ஹில்டா லாசரஸ் என்னும் இந்திய மாதரசியிடம் வந்தது.

ஓய்வுக்குப்பின் கோடைக்கானலிலுள்ள தம் இல்லத்திலும் வேலூரிலுமாக வாழ்ந்தார். எண்பது வயதிலும் டென்னிஸ் ஆடினார் என்பதை, மாலையில் விளையாட்டுத் திடலை எட்டிப்பாராத நம் மாணவர் சிலரின் கவனத்திற்குக் கொண்டுவருகின்றோம். ஊர்ப் பெயரின்றி, டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் மேல்விலாசமிட்ட கடிதமும் அவர் கைக்கு வந்து சேர்ந்ததாம். 1920இல் அரசாங்கம் அளித்த கெய்சர்-ஐ-ஹிந்த் தங்கப் பதக்கத்தைக் காட்டிலும் தபால்காரர் அளித்த இக்கௌரவம் பெரிதென்போம்.

1960ஆம் ஆண்டு மே மாதத்தில், தமது 89ஆம் வயதில், கோடைக்கானலில் அவர் காலமானார். உடல் வேலூரில் அடக்கஞ் செய்யப்பட்டது. திண்டிவனத்தில் ஸ்கடர் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் நடக்கின்றது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் இரயிலில், வேலூர்க் கண்டோன்மெண்டு நிலையத்தில் இறங்குவோருட் பிணியாளர் பலர். அவருட் பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் பெண்களும் உண்டு. அவரோடு கணவன்மாரும் செல்கின்றனர்.