ஆலை ஓடாத 4 மாதங்களுக்கும் முழுச் சம்பளம்... யார் இந்த ராபர்ட் ஓவன்?

பஞ்சு வராவிட்டால் ஆலை ஓடாது. ஆலை ஓடாவிட்டால் கூலி கிடையாது. 1800-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஆலை முதலாளிகளுக்கு இதில் யோசிக்க எதுவுமே இல்லை. ஆனால் ஸ்காட்லாந்தில் ஒரு முதலாளி, 4 மாதம் இயந்திரங்களை நிறுத்தி வைத்துவிட்டு, எல்லோருக்கும் முழுச் சம்பளம் கொடுத்தார். அவர்தான் ராபர்ட் ஓவன்.

கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி என்று ஒரே வரியில் நாம் கடந்துபோகிற பெயர் இது. ஆனால் அந்த அடையாளத்துக்கு முன்பே, சம்பளப் பட்டுவாடா என்ற வேலையை அடிமட்டத்திலிருந்து கற்றுக்கொண்டவர் அவர்.

3 பேரில் தொடங்கிய தொழில்

1771 மே 14-ல் வேல்ஸின் நியூடவுனில் பிறந்தார் ஓவன். அப்பா குதிரைச் சேணம் செய்பவர். 10 வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, துணிக்கடையில் வேலை கற்கப் போனார்.

18 வயதில், மான்செஸ்டரில், அண்ணனிடம் 100 பவுண்டு கடன் வாங்கினார். ஜோன்ஸ் என்பவருடன் சேர்ந்து நூற்பு இயந்திரம் தயாரிக்கும் பட்டறை தொடங்கினார். இயந்திரம் பற்றி ஓவனுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் கணக்கு, சம்பளம், ஆட்களைக் கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பட்டறையில் சுமார் 40 பேர். காலையில் முதல் ஆளாக வந்து, ராத்திரி கடைசி ஆளாகப் போவார். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கூட்டு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. பிரியும்போது 6 இயந்திரங்கள் தருவதாகப் பேச்சு. கிடைத்ததோ 3 மட்டும். ஓவன் 3 ஆட்களை வைத்து அவற்றை ஓட்டினார். வாரம் சுமார் 6 பவுண்டு லாபம் நின்றது. அடுத்து, 20 வயதில், 500 பேர் வேலை செய்த டிரிங்க்வாட்டர் ஆலைக்கு மேலாளர் ஆனார். ஆண்டுச் சம்பளம் 300 பவுண்டு.

நியூ லனார்க்: சம்பளத்துக்கு வெளியே என்ன கிடைத்தது?

1799-ல் ஓவனும் கூட்டாளிகளும் ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் ஆலைகளை 60,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். விற்றவர் டேவிட் டேல். அதே ஆண்டு அவருடைய மகள் கரோலினை ஓவன் மணந்தார். 1800-ன் முதல் நாள் நிர்வாகம் ஓவன் கைக்கு வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். நியூ லனார்க்கில் கையில் வாங்கும் கூலி மற்ற ஆலைகளைவிட ஒன்றும் அதிகமில்லை. வித்தியாசம் எல்லாம் கூலிக்கு வெளியேதான் இருந்தது.

* கடை: அந்தக் காலத்தில் ஆலைக் கடை என்றாலே மட்டமான சரக்கு, கூடுதல் விலை. கொடுத்த கூலியை முதலாளியே திரும்ப எடுத்துக்கொள்ளும் வழி அது. ஓவன் மொத்தமாகக் கொள்முதல் செய்து, அடக்க விலைக்குப் பக்கத்திலேயே விற்றார். வாங்கும் கூலி கூடுதல் நாள் வந்தது. கடையில் நின்ற சிறு லாபம் பள்ளிக்குப் போனது.
* நோய்க்கால நிதி: ஒவ்வொருவர் கூலியிலும் அறுபதில் ஒரு பங்கு பிடித்தம். நோயில் படுத்தாலும், வயதாகி முடியாமல் போனாலும் அதிலிருந்து உதவி.
* வேலை நேரம்: 1816-ல் சாப்பாட்டு நேரம் போக பத்தே முக்கால் மணி நேரமாகக் குறைந்தது.
* குழந்தைகள்: 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேலை இல்லை, பள்ளிதான்.

நம்பிக்கை எப்போது வந்தது?

தொடக்கத்தில் தொழிலாளர்கள் ஓவனை நம்பவே இல்லை. வெளியூர்க்காரர், புது முதலாளி, புதுப்புது விதிகள். எல்லாம் நம்மைப் பிழிவதற்குத்தான் என்று நினைத்தார்கள்.

சில ஆண்டுகளில் அமெரிக்கா தன் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் கிளம்பத் தடை போட்டது. பஞ்சு விலை எகிறியது. பல ஆலைகள் ஆட்களை அனுப்பிவிட்டன. ஓவனும் இயந்திரங்களை நிறுத்தினார், ஆட்களை நிறுத்தவில்லை. இயந்திரங்களைத் துடைத்து நல்ல நிலையில் வைப்பது மட்டுமே வேலை. 4 மாதச் செலவு 7,000 பவுண்டுக்கு மேல். அதன்பிறகுதான் தொழிலாளர்கள் அவர் பக்கம் வந்தார்கள்.

அப்ரைசலும் இருந்தது!

ஒவ்வொருவர் இடத்துக்குப் பக்கத்திலும் நான்கு பக்கமுள்ள சிறு மரக்கட்டை ஒன்று தொங்கும். முந்தைய நாள் வேலை மோசம் என்றால் கறுப்பு, சுமார் என்றால் நீலம், நன்று என்றால் மஞ்சள், மிக நன்று என்றால் வெள்ளை. அந்த நிறம் எல்லோர் கண்ணிலும் படும், தினமும் பதிவேட்டிலும் ஏறும். திட்டு, அடி கிடையாது. மதிப்பீடு தப்பு என்று தோன்றினால் ஓவனிடமே முறையிடலாம். அன்பான முதலாளிதான், ஆனால் கண்காணிப்பில் துளியும் தளர்வில்லை.

லாபம் குறைந்ததா?

இல்லை. 60,000 பவுண்டுக்கு வாங்கிய ஆலைகள் 1809-ல் 84,000 பவுண்டுக்கும், 1813 ஏலத்தில் 1,14,100 பவுண்டுக்கும் கைமாறின. இரண்டு முறையும் ஓவன் புதிய கூட்டாளிகளைச் சேர்த்துத் தானே வாங்கினார். பள்ளிக்கும் வீடுகளுக்கும் செலவு செய்வதைப் பழைய கூட்டாளிகள் எதிர்த்ததுதான் காரணம். 1813-ல் சேர்ந்தவர்களில் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாமும் ஒருவர். மூலதனத்துக்கு 5% போதும், மிச்சம் தொழிலாளர் நலனுக்கு என்பது இவர்களுடன் ஓவன் போட்ட ஏற்பாடு.

எங்கே இடித்தது?

இந்தச் சலுகைகள் எல்லாமே ஒரு மனிதரின் விருப்பத்தில் நின்றன. கூட்டாளிகள் மனம் மாறினால் எல்லாம் போய்விடும். நோய்க்கால நிதியும் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடித்த பணம்தான். இன்று நம் இ.எஸ்.ஐ-யில் ஊழியர் 0.75%, முதலாளி 3.25% கட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

சட்டம் இல்லாமல் நடக்காது என்று ஓவனுக்கும் புரிந்தது. 1815-ல் ஆலைக் குழந்தைகளுக்கான சட்ட வரைவோடு நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேடிப் போனார். 1819-ல் வந்த சட்டம் ரொம்பவே நீர்த்துப்போயிருந்தது. பருத்தி ஆலைகளுக்கு மட்டும், 9 வயதுக்குக் கீழ் வேலை கூடாது, 16 வயது வரை 12 மணி நேரம்தான். ஆனால் அதைச் சோதிக்க ஆய்வாளர்களே இல்லை!

பிறகு அமெரிக்காவின் இந்தியானாவில் நியூ ஹார்மனி என்ற சமத்துவக் குடியிருப்பை 1825-ல் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே அது கலைந்தது; சொத்தில் பெரும்பகுதி அதில் போனது. 1858 நவம்பர் 17-ல், பிறந்த ஊரான நியூடவுனிலேயே இறந்தார்.

நியூ லனார்க் ஆலைகள் 1968 வரை ஓடின. இன்று அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.